யாரைக் கேட்டு கதவைத் திறந்தீங்க?

அஞ்சாவது செமஸ்டர் முடிஞ்சு லீவ் விட்ட மூணாவது நாள். ஹாஸ்டலில் ஒரே ரூமில் சுருண்டு கிடந்த ஆறு பேரும் இப்போ ஆறு ஊரில். வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே புலம்பல். 'மச்சி, செம போர்டா... மைன்கிராஃப்ட் போடலாமா?' என்று கோயம்புத்தூர்க்காரன் கேட்டதுதான் தாமதம், வரிசையாகக் கட்டைவிரல்கள் உயர்ந்தன. ஆறு பேரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் நான் ஒருத்தன்தான். மத்ததெல்லாம் மெக்கும் சிவிலும். ஸோ, 'சர்வர் நீ போடுடா' என்று பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது.

போட்டேன். என் லேப்டாப்பில் சர்வர் ஜம்முனு ஓடியது. நானே உள்ளே போய் ஒரு வீடு கூட கட்டிட்டேன். பெருமையா ஐ.பி. அட்ரஸை குரூப்பில் தட்டிவிட்டேன்: 192.168.1.7.

இந்த இடத்தில் உங்களில் பாதிப் பேர் சிரிச்சிருப்பீங்க. சிரிக்காத மீதிப் பேருக்குத்தான் இந்தக் கட்டுரை. (சிரிச்சவங்களும் பக்கத்தைத் திருப்பிடாதீங்க பாஸ்... பின்னாடி எங்க ஆச்சி வர்றாங்க!)

அஞ்சு பேருக்கும் ஒரே பதில்தான் வந்தது. 'கனெக்ஷன் டைம்டு அவுட்.'

வாட்ச்மேன் தாத்தாவும் ரூம் நம்பர் 214-ம்

உங்க ஹாஸ்டலையே எடுத்துக்கோங்க. உள்ளே 400 பேர் இருக்கீங்க. ஆனா வெளியுலகத்துக்கு எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு முகவரிதான். உங்க ரூம் நம்பர் 214. அது ஹாஸ்டலுக்குள்ளே மட்டும் செல்லுபடியாகும். திருச்சியில் இருக்கிற ஃப்ரெண்டுகிட்ட 'மச்சி, 214-க்கு வந்துடு'ன்னு சொன்னா அவன் எங்கே போவான்? அவன் ஹாஸ்டலிலும் ஒரு 214 இருக்குமே! நான் குரூப்பில் போட்ட 192.168.1.7 அப்படிப்பட்ட ரூம் நம்பர். உங்க வீட்டிலும் அதே நம்பர் ஏதோ ஒரு போனுக்கோ டி.வி.க்கோ இப்போ இருக்கலாம்.

இந்தக் கூத்து ஏன்? இன்டர்நெட்டின் பழைய முகவரி முறையில் (ஐ.பி.வி.4) மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். ஆரம்பத்தில் அதுவே கடல் மாதிரி தெரிஞ்சிருக்கும். பத்தாதுன்னு சீக்கிரமே புரிஞ்சதால், ஒரு முகவரிக்குப் பின்னால் பல மெஷின்கள் ஒளிஞ்சுக்கிற 'நேட்' என்ற ஏற்பாட்டை 1994-ல் எழுதி வெச்சாங்க. 192.168-ல் ஆரம்பிக்கிற நம்பர்களை வீட்டுக்குள்ளே யார் வேணும்னாலும் வெச்சுக்கலாம் என்று ஒதுக்கினாங்க. உலகக் கையிருப்பின் கடைசி முகவரிக் கட்டுகள் பிரிச்சுக் கொடுக்கப்பட்டது 2011 பிப்ரவரி 3-ம் தேதி. அதுக்கப்புறம் பழசை வெச்சே ஓட்டிக்கிட்டு இருக்கோம்.

உங்க வீட்டு ரூட்டர் என்பது அந்த ஹாஸ்டல் வாசல் வாட்ச்மேன் தாத்தா. நீங்க பிரியாணிக்கு ஆர்டர் போட்டா, '214 ஆர்டர் பண்ணியிருக்கு'ன்னு நோட்டில் எழுதிக்குவார். பார்சல் வந்ததும் நோட்டைப் பார்த்து மேலே அனுப்பிடுவார். யூடியூப், மெயில் எல்லாம் இப்படித்தான் வேலை செய்யுது. முதலில் கேட்டது நீங்க. பதில் வருது, அவ்வளவுதான். ஆனா யாரும் கூப்பிடாமல் ஒருத்தன் வாசலில் வந்து நின்னா? தாத்தா நோட்டைப் புரட்டுவார். பேர் இல்லை. 'யாருப்பா நீ? போ, போ!' என் ஃப்ரெண்ட்ஸ் அஞ்சு பேரும் சரியான முகவரிக்கே வந்திருந்தாலும் இப்படித்தான் திரும்பிப் போயிருப்பானுங்க.

போர்ட் ஃபார்வர்டிங் என்பது தாத்தாவின் மேஜையில் நீங்க ஒட்டி வைக்கிற சீட்டு. '25565-ன்னு சொல்லிக்கிட்டு யார் வந்தாலும், எந்நேரம் வந்தாலும், என்னைக் கேட்காமலேயே 214-க்கு அனுப்பு.' அந்த 25565-தான் போர்ட். மொத்தம் 65,536 இருக்கு, 0-ல் இருந்து 65,535 வரை. வெப்சைட்டுக்கு 80, பூட்டுப் போட்ட வெப்சைட்டுக்கு 443, மைன்கிராஃப்டின் ஜாவா எடிஷனுக்கு 25565. வர்றவன் எதுக்காக வர்றான் என்பதை இந்த நம்பர் சொல்லிடும்.

'யார் வந்தாலும்', 'எந்நேரமும்'. இந்த ரெண்டு வார்த்தையை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

சீட்டு ஒட்டலாமா?

பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 அடிச்சா ரூட்டரின் பக்கம் திறக்கும். ரெண்டும் இல்லைன்னா கமாண்ட் பிராம்ப்டில் 'ஐபி-கான்ஃபிக்' கொடுத்துப் பாருங்க. 'டீஃபால்ட் கேட்வே'ன்னு இருக்கிறதுதான் தாத்தாவின் முகவரி. யூஸர் நேம், பாஸ்வேர்டு பெரும்பாலும் பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும்.

உள்ளே போனதும் நேரா ஃபார்வர்டிங்குக்கு ஓடாதீங்க. நான் ஓடினேன். முதல் நாள் ராத்திரி சூப்பரா விளையாடினோம். மறுநாள் காலையில் ஒருத்தனாலும் வர முடியலை. ஒரு மணி நேரம் தலையைப் பிச்சுக்கிட்ட பிறகுதான் புரிஞ்சது: ரூட்டர் ரூம் நம்பர்களை வாடகைக்குத்தான் விடுது. ராத்திரி லேப்டாப்பை அணைச்சு, காலையில் போட்டதும் எனக்கு வேற நம்பர். பழைய 192.168.1.7 அம்மாவின் போனுக்குப் போயிடுச்சு. சீரியல் பார்த்துக்கிட்டு இருந்த அம்மா போனை அஞ்சு பேர் விடாமல் தட்டிக்கிட்டு இருந்திருக்கானுங்க! ஸோ, முதல் வேலை 'டி.ஹெச்.சி.பி. ரிசர்வேஷன்' என்ற இடத்துக்குப் போய் உங்க லேப்டாப்புக்கு ஒரு நம்பரை நிரந்தரமா எழுதி வெச்சிடுங்க.

அப்புறம்தான் ஃபார்வர்டிங். சில ரூட்டரில் அதே பேரில் இருக்கும். டிபி-லிங்க்கில் 'விர்ச்சுவல் சர்வர்'னு இருக்கும். அஞ்சு கட்டம்தான்: ஒரு பேர், வெளி போர்ட், உள் போர்ட், லேப்டாப்பின் ஐ.பி., டி.சி.பி.யா யூ.டி.பி.யா. ஜாவா எடிஷனுக்கு டி.சி.பி. போனில் ஆடுகிற பெட்ராக் எடிஷன் என்றால் போர்ட் 19132, யூ.டி.பி. எது கேட்குதுன்னு தெரியாமல் ரெண்டையும் திறந்து வைக்கிற பழக்கம் வேண்டாமே... தேவையில்லாத கதவு எதுக்கு?

சேவ் கொடுத்தாச்சு. இனி மூணு இடத்தில் மாட்டுவீங்க. ஒண்ணு, விண்டோஸ் ஃபயர்வால். தாத்தா அனுப்பிட்டாலும் ரூம் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தா எப்படி? ஜாவாவை அனுமதிக்கணும். ரெண்டு, 'போர்ட் ஓபனா இருக்கா'ன்னு பார்க்கிற சைட்டுகள் 'மூடியிருக்கு'ன்னு சொன்னா உடனே ரூட்டரைத் திட்டாதீங்க. சர்வரை ஓட விட்டுட்டுத்தானே சோதிச்சீங்க? ரூமில் ஆளே இல்லைன்னா கதவைத் தட்டினாலும் பதில் வராது. மூணு, வீட்டு வைஃபையில் இருந்துக்கிட்டே வெளி ஐ.பி.யைப் போட்டுப் பார்க்கிறது. ஹாஸ்டலுக்குள் இருக்கிறவன் வாசல் வழியா சுத்தி வர்றதைப் பல ரூட்டர்கள் அனுமதிக்காது. போனில் வைஃபையை அணைச்சு, மொபைல் டேட்டாவில் முயற்சி பண்ணுங்க.

எனக்கு வேலை செஞ்சது. அஞ்சு பேரும் குதிச்சு வந்து நான் கட்டின வீட்டை இடிச்சானுங்க. அதை விடுங்க. அந்த ஃபார்வர்டிங் பக்கத்தில் என் சீட்டுக்கு மேலே ஏற்கெனவே ரெண்டு சீட்டு ஒட்டியிருந்தது. நான் போடலை. '80', '554', பேர் 'டி.வி.ஆர்.' அப்போ அவசரம், ஆட்டம்தான் முக்கியம். கண்டுக்கலை. அது எங்கே கொண்டுவிட்டதுன்னு கொஞ்சம் கழிச்சுச் சொல்றேன்.

கோயம்புத்தூர்க்காரனின் மூணு ராத்திரி

என்னைப் பார்த்து அவனுக்கும் ஆசை. 'நான் ஒரு சர்வர் போடறேன்டா'ன்னு கிளம்பினான். ரிசர்வேஷன் போட்டான், ஃபார்வர்டிங் போட்டான், ஃபயர்வாலையே அணைச்சுப் பார்த்தான் (இதை நீங்க செய்யாதீங்க). மூணு ராத்திரி தூங்கலை. ம்ஹூம்!

கடைசியில் அவன் ரூட்டர் ஸ்டேட்டஸ் பக்கத்தின் போட்டோவை அனுப்பச் சொன்னேன். 'வேன் ஐ.பி.' என்ற இடத்தில் 100-ல் ஆரம்பிச்சு அடுத்து 70-ன்னு ஒரு எண். குட்டு வெளிப்பட்டது. 100.64-ல் தொடங்கி 100.127 வரைக்கும் உள்ள நம்பர்கள் 2012-ல் ஒரு தனி வேலைக்காக ஒதுக்கப்பட்டவை. நெட் கம்பெனிகள் தங்களுக்குள்ளேயே இன்னொரு நேட் வெச்சு, பல வீடுகளை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் அடைக்கிறதுக்கு. இதுக்குப் பேர் 'கேரியர் கிரேட் நேட்'. அதாவது உங்க ஹாஸ்டல் ஒரு பெரிய டவுன்ஷிப்புக்குள்ளே இருக்கு. டவுன்ஷிப் கேட்டில் இன்னொரு வாட்ச்மேன். அவர் மேஜையில் உங்களால் சீட்டு ஒட்ட முடியாது. உங்க தாத்தாவை எவ்வளவு கெஞ்சினாலும் பிரயோஜனம் இல்லை, ஆளே அங்கே வரைக்கும் வர்றதில்லையே!

அதனால எதையும் மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க: ரூட்டர் காட்டுற வேன் ஐ.பி.யும், 'என் ஐ.பி. என்ன'ன்னு இணையத்தில் தேடினா வர்ற எண்ணும் ஒண்ணுதானா? ஒண்ணு இல்லைன்னா தூங்கப் போங்க. (வேன் ஐ.பி.யே 192.168-ன்னு இருந்தா, கம்பெனி கொடுத்த பெட்டிக்குப் பின்னால் உங்க சொந்த ரூட்டரை மாட்டியிருக்கீங்கன்னு அர்த்தம். முதல் பெட்டியை 'பிரிட்ஜ் மோடு'க்கு மாத்தச் சொல்லலாம்.) கம்பெனியிடம் கேட்டு, தனியா காசு கட்டி, வெளி ஐ.பி. வாங்கலாம். எங்க வீட்டில் அது ஏற்கெனவே இருந்தது. ஏன் இருந்தது என்று அன்னைக்கு நான் யோசிக்கலை.

வைவாவில் பல்பு வாங்கிய கேள்வி

நெட்வொர்க்ஸ் லேப் வைவாவில் எக்ஸ்டர்னல் என்னைக் கேட்டார். 'போர்ட் ஃபார்வர்டிங், போர்ட் ட்ரிகரிங்... வித்தியாசம் சொல்லு.' நான் ரொம்ப நம்பிக்கையா, 'ரெண்டும் ஒண்ணுதான் சார்'னேன். சார் சிரிச்சார். மார்க் சிரிக்கலை!

நீங்க மாட்டிக்காதீங்க. ட்ரிகரிங்கில் சீட்டு நிரந்தரம் கிடையாது. தாத்தாவிடம் சொல்லி வைக்கிறது இப்படி: 'உள்ளேயிருந்து யாராவது டீக்கடைக்குப் போன் போட்டா, அதுக்கப்புறம் கொஞ்ச நேரத்துக்கு டீக்கடைப் பையன் பின்கேட்டில் வந்தாலும், போன் போட்டவன் ரூமுக்கே அனுப்பு. சத்தம் ஓய்ஞ்சதும் கேட்டை மூடிடு.' உள்ளேயிருந்து ஒரு போர்ட்டில் வெளியே போனால்தான், வேறொரு போர்ட் உள்பக்கமாகத் திறக்கும்.

பழைய ஐ.ஆர்.சி. சாட்தான் இதுக்கு அழகான உதாரணம். நீங்க 6667 வழியா சாட் சர்வருக்குப் போறீங்க. அந்த சர்வர், 'வந்திருக்கிறது யாரு'ன்னு விசாரிக்க உங்க பக்கம் 113-ல் திரும்பி வரும். அது நீங்க போன பாதைக்கான பதில் இல்லை, புது ஆள். சாதாரண நேட் அவனைத் துரத்திடும். ஸோ, 6667-ஐ ட்ரிகர் போர்ட்டாகவும், 113-ஐத் திறக்கிற போர்ட்டாகவும் எழுதி வெச்சா வேலை முடிஞ்சது.

இதில் ரெண்டு வசதி. ரூம் நம்பரை நிரந்தரமாக்கத் தேவையில்லை. யார் போன் போட்டாங்களோ அவங்களுக்கே போகும். வேலை இல்லாத நேரம் கதவு மூடியே இருக்கும். ஆனா ஒரே நேரத்தில் ரெண்டு பேர் பயன்படுத்த முடியாது. அதைவிட முக்கியம், வெளி ஆள் முதலில் வரவே முடியாது. அதனால சர்வர் போடுறதுக்கு ட்ரிகரிங் உதவாது. என் ஃப்ரெண்ட்ஸ் கதவைத் தட்டும்போது நான் தூங்கிட்டுக்கூட இருக்கலாம், அப்போ யார் ட்ரிகரை அழுத்துவா? எக்ஸ்டர்னல் சார், இப்போ கேளுங்க சார் ப்ளீஸ்!

இப்போ ஆச்சி வர்றாங்க

ஒரு வாரம் கழிச்சு மழை. கரன்ட் போய் வந்ததில் ரூட்டர் ரீஸ்டார்ட் ஆனது. எல்லாம் சரியா இருக்கான்னு பார்க்க உள்ளே போனேன். அந்த ரெண்டு சீட்டும் அப்படியே இருந்தன. 80, 554.

எங்க ஊர் தென்காசிப் பக்கம். முன்னாடி அப்பாவின் மளிகைக் கடை, பின்னாடி வீடு. தெருவில் ஒரு திருட்டு நடந்த பிறகு, அப்பா கேமரா மாட்டினார். கடையில் ரெண்டு, வீட்டு ஹாலில் ஒண்ணு. மாட்டின அண்ணன் கெட்டிக்காரர். அப்பா சரக்கெடுக்க வெளியூர் போனாலும் போனில் பார்க்கலாம்னு சொல்லி, நெட் கம்பெனியில் நிரந்தர ஐ.பி. வாங்க வெச்சு, ரூட்டரில் ரெண்டு போர்ட்டையும் திறந்துவிட்டுப் போயிட்டார். நான் சர்வர் போட முடிஞ்சதே அப்பா கட்டின அந்தக் காசில்தான்!

554 என்பது கேமராக்கள் நேரடி வீடியோ அனுப்பும் வழக்கமான போர்ட். எனக்கு லேசா வயித்தைக் கலக்கியது. கோயம்புத்தூர்க்காரனுக்குப் போன் போட்டேன். 'மச்சி, எங்க வீட்டு ஐ.பி. உன்கிட்ட இருக்குல்ல? மொபைல் டேட்டாவில் இருந்து 554-ல என்ன தெரியுதுன்னு பாரு.' டி.வி.ஆர். மாடலையும் சொன்னேன். பாஸ்வேர்டு சொல்லலை. எனக்கே தெரியாது.

அவன் அந்த மாடலோட மேனுவலைத் தேடி எடுத்து, அதில் கம்பெனி போட்டு அனுப்புற பாஸ்வேர்டைப் பார்த்து, வி.எல்.சி. ப்ளேயரில் தட்டினான். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் மெதுவா சொன்னான்:

'டேய்... உங்க பாட்டி வெத்தலை இடிச்சுக்கிட்டு இருக்காங்கடா.'

திரும்பிப் பார்த்தேன். ஆச்சி (எங்க பக்கம் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஹால் தூணில் சாய்ஞ்சு உரலில் வெத்தலை இடிச்சுக்கிட்டு இருந்தாங்க. அவங்க தலைக்கு மேலே கேமராவின் சின்ன சிவப்பு லைட். அந்த ஹாலில்தான் ஆச்சி படுப்பாங்க. தங்கச்சி தலை துவட்டுவா, படிப்பா, தூங்கி வழிவா. ரெண்டு வருஷமா அந்தக் கேமரா அங்கேதான் இருக்கு. ரெண்டு வருஷமா அந்தச் சீட்டும் தாத்தா மேஜையில் இருக்கு: யார் வந்தாலும், எந்நேரமும்.

அப்பாகிட்ட சொன்னேன். 'அப்பா, நம்ம கேமராவை ஊரே பார்க்கலாம்ப்பா.'

அப்பா கல்லாவில் இருந்து தலையைத் தூக்காமல், 'ஊருக்குத் தெரியட்டும்னுதானல கேமராவே வச்சோம்?' என்றார்.

'கடை இல்லப்பா... ஹாலு.'

அப்பா எண்ணிக்கிட்டு இருந்த நோட்டை அப்படியே வெச்சார். எழுந்து போய் ஸ்டூல் போட்டு, ஹால் கேமராவின் ஒயரைத் தானே பிடுங்கினார். அன்னைக்கு முழுக்க அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை.

யாராவது பார்த்தாங்களா? தெரியாது. தெரிஞ்சுக்க வழியும் இல்லை. அந்தப் பழைய டி.வி.ஆரில் யார் வந்தாங்க என்ற பதிவே இல்லை.

'நம்ம வீட்டை யாரு தேடுவா?'

அப்பாவின் நியாயமான கேள்வி இது. உங்களுக்கும் இருக்கும். யாரும் உங்களைத் தேட வேண்டியதில்லை, எல்லாரையும் ஒண்ணா தட்டிடலாம். 2013-ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 'இசட்-மேப்' என்ற கருவியை வெளியிட்டாங்க. ஒரே ஒரு கம்ப்யூட்டர், வேகமான ஒரு இணைப்பு. மொத்த ஐ.பி.வி.4 உலகத்தையும் ஒரு போர்ட்டுக்கு 45 நிமிஷத்துக்குள் தட்டிப் பார்த்துடலாம். நம்ம ஒரு லெக்சர் நேரம்தான்! இப்படித் திறந்து கிடக்கிற கருவிகளைப் பட்டியல் போட்டுக் காட்டுற 'ஷோடான்' என்ற தேடுபொறி 2009-லிருந்தே இருக்கு.

தட்டிப் பார்த்து என்ன செஞ்சாங்கன்னு கேட்டா, அந்தக் கதையின் ஹீரோ (வில்லன்?) நம்ம வயசுக்காரர். பராஸ் ஜா. அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர். 2016-ல் இன்னும் ரெண்டு இளைஞர்களோடு சேர்ந்து 'மிராய்' என்ற நிரலை உருவாக்கினார். 23, 2323 என்ற டெல்நெட் போர்ட்கள் திறந்திருக்கிற கேமரா, டி.வி.ஆர்., ரூட்டர்களைத் தேடும். கம்பெனி பாஸ்வேர்டுகள் அறுபதுக்குக் கொஞ்சம் அதிகமா ஒரு பட்டியல். ஒவ்வொண்ணா போட்டுப் பார்க்கும். திறந்தா, அந்தக் கேமரா இனி அவங்க அடிமை. இப்படிச் சேர்ந்த லட்சக்கணக்கான கருவிகளை ஒரே நேரத்தில் ஒரு சர்வர் மேல் ஏவினா அது மூச்சுத் திணறிச் செத்துடும். இவங்க குறிகளில் மைன்கிராஃப்ட் சர்வர்களும் உண்டு! நிரலை இணையத்தில் வெளியிட்ட பிறகு அதை எடுத்து வேற ஆட்களும் ஆடினாங்க. 2016 அக்டோபர் 21 அன்னைக்கு 'டைன்' நிறுவனத்தின் மேல் நடந்த தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்கும் மணிக்கணக்கில் திறக்கலை. அதில் மிராய் பிடித்து வெச்ச வீட்டுக் கருவிகளுக்குப் பெரும் பங்கு.

அதே ஜா, தன் சொந்தக் காலேஜின் நெட்வொர்க்கையே 2014-ல் இருந்து திரும்பத் திரும்ப முடக்கியிருக்கார். (பரீட்சை நேரத்தில் நமக்கும் அந்த ஆசை வரும்தான்... வேண்டாம்!) 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கிட்டார். 2018-ல் தீர்ப்பு: மிராய் வழக்கில் 5 வருஷம் கண்காணிப்பு, 2,500 மணி நேரம் சமூக சேவை. காலேஜ் வழக்கில் 6 மாசம் வீட்டுக்காவலும், 86 லட்சம் டாலர் இழப்பீடும்.

கேமராதான் ஆபத்து, கேம் சர்வர் பாவம்னு நினைச்சேன். அதுவும் இல்லை. 2021 டிசம்பரில் 'லாக்4ஜே' என்ற ஜாவா பகுதியில் ஒரு ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. மைன்கிராஃப்ட் ஜாவா எடிஷனும் அதைத்தான் பயன்படுத்தியது. சாட்டில் ஒரு வரி தட்டினாலே போதும், சர்வர் ஓடுகிற கம்ப்யூட்டரில் தான் நினைச்சதை ஓட வைக்கலாம். அவசரமா 1.18.1 பதிப்பு வந்தது. பழைய பதிப்பைச் சரிசெய்யாமல் ஓட்டிக்கிட்டு, 25565-ஐத் திறந்து வெச்சிருந்தவனின் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. பிராஜெக்ட் ரிப்போர்ட் இருக்கிற லேப்டாப் சார் அது!

நான் என்ன செஞ்சேன்?

ரெண்டு டி.வி.ஆர். சீட்டையும் கிழிச்சேன். டி.வி.ஆரின் பாஸ்வேர்டு, ரூட்டரின் பாஸ்வேர்டு ரெண்டையும் மாத்தினேன். 'யு.பி.என்.பி.' என்று ஒரு வசதி இருக்கும், பார்த்திருப்பீங்க. வீட்டுக்குள் இருக்கிற எந்தக் கருவியும் உங்களைக் கேட்காமலேயே தாத்தா மேஜையில் தானே சீட்டு ஒட்டிக்கலாம் என்பதுதான் அது. கேம் கன்சோலுக்கு வசதி. மட்டமான கேமராவுக்கும் அதே வசதிதான்! அணைச்சுட்டேன். 'டி.எம்.இஸட்.' என்ற பட்டன் பக்கமே போகாதீங்க. அது வேறெங்கும் சீட்டு இல்லாத வரவுகளை எல்லாம் ஒரே மெஷினுக்குத் தள்ளிவிடும்.

அப்பாவுக்குக் கடையைப் பார்க்கணுமே? கடையில் தூசி படிஞ்சு கிடந்த பழைய லேப்டாப்பில் 'டெயில்ஸ்கேல்' போட்டேன். அப்பாவின் போனிலும் அதே. ரெண்டும் உள்ளேயிருந்து வெளியே போய்க் கைகோத்துக்கும். ரூட்டரில் ஒரு போர்ட்டும் திறக்க வேண்டாம், அனுமதி கொடுத்த போனைத் தவிர வேறு ஆள் வர முடியாது. கேரியர் கிரேட் நேட்டுக்குப் பின்னால் இருந்தாலும் வேலை செய்யும். கோயம்புத்தூர்க்காரனும் கடைசியில் இப்படித்தான் சர்வர் போட்டான். மூணு ராத்திரி தூங்காமல் அவன் செய்ய முடியாததை இது கால் மணி நேரத்தில் முடிச்சதில் அவனுக்கு இன்னும் கோபம்.

உங்க வீட்டு ரூட்டரிலும் இன்னைக்கே அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்க. உங்க வீட்டில் மட்டும்! அடுத்தவர் கேமராவில் கெட்ட எண்ணத்தோடு இந்த வேலையைக் காட்டினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 66-வது பிரிவு காத்திருக்கு. 3 வருஷம் வரை ஜெயில், 5 லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும்.

மைன்கிராஃப்ட்? 25565 சீட்டை மட்டும் விட்டு வெச்சேன். ஒயிட்லிஸ்ட் போட்டு, அஞ்சு பேர் பேரை மட்டும் சேர்த்து, சர்வரைப் புதுப் பதிப்புக்கு ஏத்தி, லீவ் முடியும் வரை ஆடினோம்.

லீவ் முடிஞ்சு பஸ் ஏறி, கோவில்பட்டி தாண்டினப்போதான் தலையில் இடி விழுந்தது. 25565-ஐ எடுக்கலை! லேப்டாப் என் மடியில்தான் இருக்கு. ஆனா சீட்டு தாத்தா மேஜையிலேயே இருக்கு, 192.168.1.7-க்கு. தங்கச்சிக்குப் போன் போட்டேன்.

'அண்ணே, பக்கம் திறந்துட்டு. பாஸ்வேர்டு கேக்கு. என்ன?'

மாத்தினது நான். எழுதி வைக்கலை. ஞாபகமும் இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்து ஏழெட்டு சொல்லிப் பார்த்தேன், எதுவும் எடுபடலை. பின்னாடி ஆச்சியின் குரல் கேட்டது: 'நீ அன்னைக்கு வாய்க்குள்ள முணுமுணுத்துக்கிட்டே காலண்டர் அட்டையில என்னமோ கிறுக்கினியேல... அதுவா பாரு!'

அதுதான்.